கூன்முதுகுத் துவக்கு: அதன் வயதும் பெறுமதியும்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழம்பொருள்களை மதிப்பிட்டுக் கூறுவோரிடம் அடிக்கடி வந்து சேரும் பொருள்களுள் ஒன்று வேட்டைத் துவக்கு. பாட்டனார் காலமானபின் அலுமாரியின் மூலையிலிருந்தோ, மச்சிலிருந்தோ, பழைய துணியிற் சுற்றியபடி அது எடுத்துவரப்படும். கொண்டு வருபவர் இரண்டு கேள்விகளைக் கேட்பார். இதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது ஒன்று. இது எக்காலத்தது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதற்கு விடை கூறுதல் இயலாது. ஆயினும், பெரும்பாலோர் விலையைத்தான் முதலிற் கேட்கின்றனர். சிலர் அதனினும் ஒரு படி மேலே சென்று, விலை கூடும் என்னும் ஆசையால் துவக்கைப் பளபளவெனத் தேய்த்து, புது நிறம் ஏற்றிக்கொண்டே வந்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தவர் தம் கையாலேயே அதன் பெறுமதியைப் பாதியாக்கியவர் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதே மதிப்பீட்டாளரின் சங்கடம்.

இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரேயொரு துவக்கினம். தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துவக்குகளுள் முதன்முதலில் வெற்றி கண்டது அது. பிற்காலத்தில் 'பிறவுணிங் ஓட்டோ-5' என்று பெயர் பெற்றது. அதன் இயந்திரப் பெட்டியின் பின்புறம் சதுரமாக உயர்ந்து, பின்னர் பிடங்கை நோக்கிச் சடாரென இறங்கும். அதனால் வேட்டைக்காரர் அதனைக் 'கூன்முதுகு' என்றே அழைத்தனர். தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆனால், கூன் கண்ட இடமெல்லாம் ஒரே துவக்கு என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

அதனை ஆக்கியவர் ஜோன் மோசஸ் பிறவுணிங். அமெரிக்காவின் யூற்றாப் பகுதியிலுள்ள ஒக்டன் என்னும் ஊரில் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். துவக்குச் செய்யும் கம்மியரின் மகன். 1883ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாம் புதிதாக ஆக்கிய துவக்குகளின் உரிமையை வின்செஸ்ரர் கம்பெனிக்கு விற்று வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. அதனோடு கணக்குத் தீர்ந்தது. தோட்டாவைத் தானே ஏற்றும் துவக்குக்கு 1900ஆம் ஆண்டில் அவர் ஆக்கவுரிமை பெற்றார். இம்முறை மொத்தத் தொகைக்கு விற்க அவர் உடன்படவில்லை. விற்கப்படும் ஒவ்வொரு துவக்குக்கும் தமக்கு ஒரு பங்கு வேண்டும் என்றார். வின்செஸ்ரரின் தலைவர் பென்னெற் அதற்கு இணங்கவில்லை. உறவு முறிந்தது.

பிறவுணிங் அடுத்து றெமிங்ரன் கம்பெனியை நாடினார். 1902 ஜனவரி 8ஆந் திகதி அதன் தலைவர் மார்செல்லஸ் ஹாட்லியைக் காண அவரது அலுவலகத்தில் காத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த செய்தியோ, ஹாட்லி மாரடைப்பினால் காலமாகிவிட்டார் என்பது. பிறவுணிங் மாதிரித் துவக்கை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பெல்ஜியம் சென்றார். அங்கே லியேஜ் நகருக்கு அண்மையிலுள்ள ஹெர்ஸ்ராலில் ஒரு பெருந்தொழிற்சாலை இருந்தது. பெல்ஜிய அரசுக்கு 150,000 மௌசர் துவக்குகளைச் செய்து கொடுப்பதற்கென 1889இல் நிறுவப்பட்ட அந்தத் தொழிற்சாலையை எஃப். என். என்ற எழுத்துகளாலேயே உலகம் அறியும். பிறவுணிங்கின் கைத்துப்பாக்கியை அது முன்னரே செய்து வந்ததனால் இருவருக்கும் பழக்கமிருந்தது. உடன்படிக்கை எளிதில் முடிந்தது. அமெரிக்காவில் விற்பதற்கென முதலில் 10,000 துவக்குகளைப் பிறவுணிங் தாமே வாங்கிக்கொண்டார். அவை விரைவாக விற்பனையாகின. எனினும், அமெரிக்க இறக்குமதித் தீர்வை பெருஞ்சுமையாய் இருந்தபடியால், அந்நாட்டில் அதே துவக்கைச் செய்யும் உரிமை 1905இல் றெமிங்ரனுக்கு அளிக்கப்பட்டது. இந்த வரலாறு வெறுங்கதையன்று. ஒரே உருவமுடைய துவக்கு இரண்டு கண்டங்களில், இரண்டு பெயர்களில் ஏன் கிடைக்கிறது என்பதற்கு விடை இதிலேதான் உண்டு.

இனி அதன் பொறியமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நம் வன்னிக் காடுகளில் வழங்கிய இடியன் துவக்கைச் சில நேயர்கள் அறிந்திருப்பார்கள். மருந்தைக் குழல்வாயிற் போட்டு இடித்து, சன்னத்தைப் போட்டு மறுபடியும் இடித்து, ஒரு வெடிக்குத் தயாராவதற்குள் மான் அடுத்த குளத்தையே தாண்டியிருக்கும். பிறவுணிங் கண்ட வழியோ, வெடியின் உதைப்பையே வேலைக்காரனாக்கும் வழி. விசையை அழுத்தியதும் குழலும், குழலின் பின்வாயை மூடியிருக்கும் தாழும் ஒன்றோடொன்று பூட்டியபடியே பின்னோக்கி ஓடுகின்றன. ஒரு தோட்டாவின் நீளத்துக்கு மேலாக ஓடி, கூனின் பின்சுவர் வரையிற் செல்கின்றன. அங்கே தாழ் பிடிபட்டு நிற்க, குழல் மட்டும் சுருள்வில்லின் விசையால் முன்னே திரும்புகிறது. அப்பொழுது வெற்றுக்கோது வெளியே எறியப்படும். கீழேயுள்ள தோட்டாக் குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலே தூக்கப்படும். பின்னர் தாழ் விடுபட்டு முன்னே ஓடி அதனை அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடுகிறது. அந்தக் கூன் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. தாழ் பின்னே ஓடுவதற்கு வேண்டிய இடமே அது.

தோட்டாக்கள் எல்லாம் ஒரே வலிமையுடையன அல்ல. கடும் மருந்துத் தோட்டாவுக்கு உதைப்பு அதிகம். இலேசான தோட்டாவுக்குக் குறைவு. இரண்டுக்கும் ஒரே துவக்கு ஈடுகொடுக்க வேண்டும். இதற்காகத் தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு வெண்கலத் தடுப்பும் ஓர் உருக்கு வளையமும் வைக்கப்பட்டன. கடுந்தோட்டாவுக்கு உருக்கு வளையத்தைச் சுருள்வில்லின் முன்னே, வெண்கலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். வளையத்தின் சரிந்த பக்கம் வெண்கலத்தை அழுத்த, வெண்கலம் குழாயை இறுகப் பற்றி, குழலின் ஓட்டத்தைத் தளர்த்தும். இலேசான தோட்டாவுக்கு அதே வளையத்தைக் கழற்றிச் சுருள்வில்லின் பின்னே போட்டுவிட வேண்டும். விளக்கம் எளிதுதான். ஆனால், தந்தையிடமிருந்து மகனுக்குத் துவக்கு வந்து சேர்ந்த அளவுக்கு இந்த விளக்கம் வந்து சேரவில்லை. வளையத்தை மாற்றாமலே கடுந்தோட்டாக்களைப் பல ஆண்டுகள் சுட்ட துவக்குகள் எண்ணிலடங்கா. அவற்றின் முன்பிடிக் கட்டை நீளவாட்டில் வெடித்திருக்கும். ஆகவே, தேர்ந்த மதிப்பீட்டாளர் முதலிற் பார்ப்பது மேற்பூச்சையன்று. துவக்கில் தோட்டா இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, முனைத் திருகைக் கழற்றி, முன்பிடியின் உட்புறத்தையும் வளையங்கள் இருக்கும் நிலையையுமே பார்ப்பார்.

வின்செஸ்ரர் கம்பெனிக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறவுணிங்கை இழந்தபின் தாமும் ஒரு தானேற்றும் துவக்கைச் செய்ய அவர்கள் முனைந்தனர். ஜோன்சன் என்ற பொறியியலாளர் அப்பணியை மேற்கொண்டார். பிறவுணிங்கின் ஆக்கவுரிமைகளோ நாலாபுறமும் வேலி போட்டிருந்தன. தாழைக் கையாற் பின்னே இழுக்கும் பிடியைக்கூட அவரால் வைக்க முடியவில்லை. அதனால் 1911இல் வெளிவந்த வின்செஸ்ரர் துவக்கில், குழலையே கையாற் பற்றிப் பின்னே தள்ளித் தோட்டாவேற்ற வேண்டியிருந்தது. அக்காலத்துக் கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதி அறைக்குள் இறுகிக்கொள்வதுண்டு. அப்போது சிலர் பிடங்கை நிலத்தில் ஊன்றி, குழல்வாய் முகத்தை நோக்கியிருக்க, குழலைக் கீழே அமுக்கினர். விபத்துகள் நேர்ந்தன. 'விதவையாக்கி' என்ற பொல்லாத பெயர் அதற்கு ஏற்பட்டது. 1925இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. குழலின் நடுப்பகுதியில் பிடிப்புக்காகக் கொத்திய சொரசொரப்பான வரிகளைக் கண்டால், அது இந்த வின்செஸ்ரர் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். சேகரிப்போர் அதனை விரும்பி வாங்குகின்றனர். சுடுவதற்கு வாங்குபவர் மிகச் சிலர்.

கூன்முதுகு ஒன்று கைக்கு வந்தால், அது எவ்வீட்டுப் பிள்ளை என்பதை எவ்வாறு அறிவது? குழலின் மேலுள்ள பெயரைப் படித்தாற் போதாதா எனக் கேட்கலாம். பெயர் தேய்ந்திருக்கலாம், குழல் மாற்றப்பட்டிருக்கலாம். பெல்ஜியத்திற் செய்தவற்றில் இயந்திரப் பெட்டியின் இடப்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினால் தோட்டாக் குழாயிலுள்ள தோட்டாக்கள் அங்கேயே நின்றுவிடும். வேறுவகைத் தோட்டா ஒன்றை மட்டும் கையால் அறையிலிட்டுச் சுடலாம். றெமிங்ரனின் 11ஆம் மாதிரியில் இந்த நெம்புகோல் இல்லை. 1930 முதல் 1949 வரை சாவேஜ் கம்பெனி செய்த 720ஆம் மாதிரியிலும் இல்லை. பாதுகாப்புத் தாழும் வயதைக் காட்டும். பழைய பெல்ஜியத் துவக்குகளில் அது விசைக்காப்பு வளையத்தினுள், விசைக்கு முன்னே இருந்தது. விரலை அங்கே நுழைத்தே அதனைத் தள்ள வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அது விசைக்குப் பின்னே, குறுக்காக அழுத்தும் பொத்தானாக மாறியது.

போரும் இத்துவக்கில் தன் தடத்தை விட்டுச் சென்றது. 1940 மே மாதத்தில் ஜேர்மனியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றினர். ஹெர்ஸ்ரால் தொழிற்சாலை அவர்கள் வசமாயிற்று. பிறவுணிங் அதற்கு முன்பே, 1926 நவம்பர் 26ஆந் திகதி, அதே தொழிற்சாலையில் காலமாகியிருந்தார். அவரது குடும்பத்தார் நடத்திய கம்பெனி, விற்பதற்குத் துவக்கின்றி றெமிங்ரனிடமே சென்றது. இவ்வாறு பிறவுணிங் என்ற பெயர் தாங்கி அமெரிக்காவிற் செய்யப்பட்ட துவக்குகள் உண்டு. அவற்றின் இலக்கத்துக்கு முன்னே 12 போருக்கு பி என்றும், 16 போருக்கு ஏ என்றும், 20 போருக்கு சி என்றும் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். இவை நல்ல துவக்குகள்தாம். ஆயினும் பெல்ஜியப் பிறவுணிங் என்று சொல்லி விற்கப்படும்போது அறியாதார் ஏமாறுகின்றனர். மறுபுறத்தில், றெமிங்ரன் 11 துவக்குகளைக் கொண்டு அமெரிக்க விமானப் படையினருக்கு, பறக்கும் இலக்கைச் சுடும் பயிற்சி அளிக்கப்பட்டது. படையின் சுடர்விடும் குண்டுமுத்திரை பொறித்த அத்தகைய துவக்கு, அழகிற் குறைந்ததாயினும், அதே கம்பெனி வேட்டைக்காரருக்கு விற்ற துவக்கைவிட உயர்ந்த விலை பெறுகிறது. விலை உயர்ந்தவுடனே போலி முத்திரையும் வந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐயந் தீர்க்கும் சான்று லியேஜ் நகரின் சோதனை முத்திரைகளே. அந்நகரில் 1672ஆம் ஆண்டிலேயே துவக்குக் குழல்களைச் சோதிக்கும் ஏற்பாடு தோன்றியது. வழக்கத்தினும் கடுமையான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரையிடுவார்கள். முட்டை வடிவத்துள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகளும் மேலே முடியும் ஒரு முத்திரை. நகரச் சந்தையில் நிற்கும் 'பெரோன்' என்னும் தூணின் உருவம் மற்றொன்று. புகையற்ற மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் சிங்கம் இன்னொன்று. 1922 முதல் ஆண்டுக்கோர் எழுத்தும் சேர்ந்தது. அவ்வாண்டுக்குச் சிறிய 'ஏ', அடுத்த ஆண்டுக்குச் சிறிய 'பி', இவ்வாறு செல்லும். அறையின் நீளமும் மில்லிமீற்றரில் அருகே குறிக்கப்பட்டிருக்கும். நுணுக்குக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

அறையின் நீளம் விலைக்கு மட்டுமன்றி உயிருக்கும் உரிய செய்தி. துவக்கின் போர் என்பது, ஓர் இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குச் சரியாக இருக்கும் என்ற கணக்கு. 16 போர் 12 போரைவிடச் சிறிது. தொடக்க காலத்து 16 போர்த் துவக்குகளின் அறை 65 மில்லிமீற்றர். இன்று கடையிற் கிடைப்பதோ 70 மில்லிமீற்றர்த் தோட்டா. அது உள்ளே நுழைந்துவிடும், அதுவே ஆபத்து. வெடித்து விரிவதற்கு இடமின்றி அமுக்கம் எல்லை மீறும். இதற்கு அஞ்சிச் சிலர் அறையை ஆழமாக்கினர். அப்படிச் செய்த துவக்கைச் சுடலாம், சேகரிப்போரோ தயங்குவர்.

1958 தொடக்கம் வயதறிதல் எளிதாயிற்று. இலக்கத்தின் தொடக்கத்தில் ஆண்டின் கடைசி எண்ணும், வகையைக் காட்டும் எழுத்தும் சேர்க்கப்பட்டன. '8ஜி' என்றால் 1958ஆம் ஆண்டின் இலேசான 12 போர். 'எஸ்' என்றால் இலேசான 16 போர். 1960களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு எண்கள் இட்டனர். 1970களின் நடுப்பகுதியில் உற்பத்தி யப்பானிலுள்ள மிரோக்கு தொழிற்சாலைக்குச் சென்றது. அங்கே 1990களின் இறுதிவரை செய்யப்பட்டது. யப்பானியத் துவக்கு வேலைப்பாட்டிற் குறைந்ததன்று. சிலவற்றில் அதுவே சிறந்தது என்பது என் கருத்து. ஆனால், சந்தை என்பது நியாயசபையன்று. பெல்ஜியம் என்ற சொல்லுக்கே அது கூடுதலாகக் கொடுக்கிறது. 2012இல் பிறவுணிங் கம்பெனி அதே கூனோடு 'ஏ5' என்ற புதுத்துவக்கை வெளியிட்டது. அதன் உட்பொறி முற்றிலும் வேறு. குழல் பின்னே ஓடுவதில்லை. பழையதோடு அதைக் குழப்பலாகாது.

பெறுமதிக்கு அடிப்படை, துவக்கு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் எவ்வளவு இருக்கிறது என்பதே. குழலின் முனையை வெட்டிக் குறைத்தல், முனையில் ஓர் இடுக்கியைப் பொருத்துதல், பிடங்கை அறுத்து இறப்பர் மெத்தை வைத்தல் என்பன ஒரு காலத்தில் மிகச் சாதாரணமாக நடந்தன. ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். பெல்ஜியக் குழலில் முனையின் ஒடுக்கத்தை நட்சத்திரங்களாற் குறித்தனர். ஒன்று என்றால் மிக ஒடுக்கம், மூன்று என்றால் ஒடுக்கமே இல்லை. ஒரு நட்சத்திரம் இருந்தும் வாய் அகன்றிருந்தால், யாரோ குழலைத் தொட்டிருக்கிறார்கள். புது நீலம் ஏற்றியதையும் கண்டுபிடிக்கலாம். தேய்த்தலினால் சித்திர வேலையின் கோடுகள் மழுங்கும், எழுத்தின் ஓரங்கள் உருண்டுபோகும், திருகாணிக் குழிகள் பள்ளமாகும். மங்கிய நீலமும், கைபட்டுத் தேய்ந்த இடத்துச் சாம்பல் வெண்மையும் அவற்றினும் மேலானவை. 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த துவக்கானால் பிடங்கின் அடித்தட்டைக் கழற்றித் திருகாணியைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் மரத்தை விரைவில் உலர்த்த உப்பைப் பயன்படுத்தியதால், பிறவுணிங் பெயரில் வந்த துவக்குகள் சிலவற்றில் மரம் தொடும் இரும்பெல்லாம் துருவேறியது. வெளியே பார்க்க அழகு, உள்ளே அரிப்பு.

அண்மைக் காலத்தில் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. நீர்ப்பறவைகள் ஈயச் சன்னத்தை விழுங்கி நஞ்சேறி இறப்பதால், 1991 முதல் அமெரிக்கா முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடைசெய்யப்பட்டது. உருக்குச் சன்னத்தைப் பழைய பெல்ஜியக் குழல்கள் தாங்கமாட்டா. ஆதலால் பலர் யப்பானியக் குழலொன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு, பழைய குழலை மூலையில் வைத்துவிட்டனர். வாங்குபவர் அந்தப் பழைய குழல் எங்கே என்று கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பறவைகளைப் பற்றிய பழைய வழக்கையும் சொல்லாமல் விடலாகாது. ஐந்து வெடிகளைத் தொடர்ந்து விடுக்கும் துவக்கு வந்தபோது, வாத்துகளைச் சந்தைக்காகக் கொன்று குவித்தவர்கள் அதனை இரு கைகளாலும் ஏற்றனர். தோட்டாக் குழாயை நீட்டி இன்னும் பல தோட்டாக்களை நிரப்பினோரும் உண்டு. நியூயோக் விலங்குச் சாலையின் தலைவர் ஹோர்ணடே இத்துவக்குகளுக்கு எதிராகப் பேசியும் எழுதியும் போராடினார். பென்சில்வேனியா 1907இலேயே வேட்டையில் இவற்றைத் தடுத்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் வலசைப் பறவைகளைச் சந்தைக்காகக் கொல்வதை நிறுத்தியது. இறுதியில் 1935இல், வலசைப் பறவைகளைச் சுடும் துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கலாகாது என்று விதி பிறந்தது. அவ்விதிக்கிணங்கத் தோட்டாக் குழாயினுள் ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தைக் குறைத்தனர். பழைய கூன்முதுகின் முனையைக் கழற்றும்போது சில சமயம் அந்தக் குச்சி உருண்டு வெளியே விழும். பலர் அதனைக் குப்பையென்று எறிந்துவிடுகின்றனர். அதனைத் துடைத்து, துவக்கோடு சேர்த்தே வைப்பது நல்லது.